சொன்னவரை மறக்கிறோம், சொல்லை மறப்பதில்லை: விளம்பரமும் சாவகர் நெறியும்

சாவக நெறியின் முதற்படி நற்காட்சி. அந்நற்காட்சி எழுப்பும் முதல் வினா, 'சொல்பவர் யார்?' என்பதாகும். ஆப்தன், ஆகமம், தவத்தோர் ஆகிய மூன்றன்மீதும் மயக்கமற்ற நம்பிக்கை கொள்வதே நற்காட்சி என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்குகின்றார். விருப்பு வெறுப்பு முதலிய குற்றங்கள் அற்றவனே ஆப்தன். ஆதலின் அவன் சொல் ஏற்கத்தக்கது. அவ்வாசாரியரே தமது ஆப்தமீமாம்சையில், அருகப் பெருமானையும் ஆராய்ந்த பின்னரே ஆப்தன் என நிறுவினார்.

இத்தகைய மரபில் வந்த நம் இல்லங்களில் இன்று நாள்தோறும் நடிகரும் விளையாட்டு வீரரும் திரையில் தோன்றி, 'இதனை வாங்குங்கள்' என்கின்றனர். ஊதியம் பெற்றுக்கொண்டு உரைக்கும் அச்சொல், நாள் செல்லச் செல்ல நம் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆய்வுகள் காட்டுவன

அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவ்லண்டு, வைஸ் என்னும் இரு உளவியல் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தி 1951-இல் வெளியிட்டனர். ஒரே கட்டுரை மாணவர் சிலருக்கு நம்பத்தகுந்தவர் கூற்றாகவும், வேறு சிலருக்கு நம்பத்தகாதவர் கூற்றாகவும் தரப்பட்டது. படித்தவுடன் கேட்டபோது, நம்பத்தகுந்தவர் கூற்றே மிகுதியாக ஏற்கப்பட்டது. நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. நல்லவர் சொல்லின் செல்வாக்குக் குறைந்தது; முன்னர் ஒதுக்கப்பட்டவர் சொல்லின் செல்வாக்கோ உயர்ந்தது. உளவியலார் இதனை 'உறங்கு விளைவு' என்பர்.

காரணம் எளிது. சொல்லும் சொன்னவரும் உள்ளத்தில் தனித்தனியே தங்குகின்றனர். சொன்னவரைப் பற்றிய நினைவு முதலில் அறுந்து போகிறது. சொல் மட்டும் நிற்கிறது. கெல்மன், ஹோவ்லண்டு ஆகியோரின் 1953-ஆம் ஆண்டு ஆய்வு இதனை உறுதி செய்தது. மூன்று வாரம் சென்றபின், பேசியவர் யார் என மீண்டும் நினைவூட்டப்பட்டவர்களிடம் பழைய வேறுபாடு திரும்பக் காணப்பட்டது.

எல்லோரும் எப்போதும் இவ்வாறு மயங்குவர் என்பதன்று. பெட்டி, காசியோப்போ, ஷூமன் ஆகியோர் சவரக் கத்தி விளம்பரத்தைக் கொண்டு செய்த ஆய்வு 1983-இல் வெளியாயிற்று. அப்பொருள் தமக்கு வேண்டியது என்று கருதிக் கவனத்துடன் படித்தோர், விளம்பரத்திலுள்ள காரணங்களின் வலிமையை எடை போட்டனர். கருத்தின்றிப் பார்த்தோரிடமே புகழ்பெற்றவரின் முகம் மிகுதியாக வேலை செய்தது.

மதிஞானத்தின் நான்கு படிகள்

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர், மதிஞானம் அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என நான்கு படிகளாக நிகழ்வதைக் கூறுகின்றார். பொருள் புலனிற் படுதல் அவக்கிரகம். அது யாதென ஆராய விழைதல் ஈஹை. இன்னதெனத் துணிதல் அவாயம். துணிந்ததை மறவாது கொள்ளுதல் தாரணை.

விளம்பரம் செய்வது யாது? முதற்படியிலிருந்து நான்காம் படிக்கு நம்மை ஒரே தாவலில் கொண்டு செல்கிறது. முகமும் இசையும் புலனிற் படுகின்றன. பன்முறை காட்டப்படுவதால் மனத்தில் பதிகின்றன. இடையிலுள்ள ஆராய்தலும் துணிதலும் நிகழ்வதே இல்லை. சில வாரங்களுக்குப் பின் கடையில் நிற்கும்போது, 'இது நல்ல பொருள் என்று எங்கோ கேட்டோம்' என்னும் எண்ணம் மட்டும் எழுகிறது. எங்கே, யார், எதன்பொருட்டுச் சொன்னார் என்பது தோன்றுவதில்லை.

பச்சைக் குறியும் நம் விரதமும்

இதனால் பணம் மட்டுமே வீணாகும் என எண்ணுதல் பொருந்தாது. கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சாவகரின் மூலகுணங்களுள் அடங்கும். நம் நாட்டுச் சட்டப்படி சைவ உணவுக்குரிய பச்சை வட்டக் குறியோ, தேன் கலந்த பொருளுக்கும் இடப்படலாம். ஏனெனில் பாலைப் போலவே தேனும் அசைவப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. கிழங்கு வகைகளுக்கும் அக்குறி தடையன்று. புகழ்பெற்றவர் பரிந்துரைத்தார், பச்சைக் குறியும் உள்ளது என்று குழந்தைகளுக்கு ஒரு சிற்றுண்டியை வாங்கித் தந்தால், நாம் அறியாமலே விரதம் பழுதுபடக்கூடும்.

அரசும் வாளா இருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யான விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரைப்பதினின்றும் அவரை ஓராண்டு வரை விலக்கி வைக்கவும் இடமுண்டு. ஆயினும் சட்டம் பொய்யைத்தான் தண்டிக்கும். நம் ஆசையை அளவிடாது. அதற்கு விரதமே துணை.

இல்லத்தில் கடைப்பிடிக்க

ஒருமுறை துய்த்துத் தீர்வன போகம். பலமுறை துய்ப்பன உபபோகம். இவற்றிற்கு எல்லை வகுத்தலே போகோபபோக பரிமாண விரதம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். விளம்பரத்தால் விருப்பம் எழுந்த எப்பொருளையும் அடுத்த சதுர்த்தசி கழியும்வரை வாங்குவதில்லை என ஒரு நியமம் கொள்ளலாம்.

ஆனால் வெறுமனே காத்திருத்தல் போதாது. 'சில நாள் பொறுத்தால் ஆசை தணியும்' என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. மேற்கண்ட ஆய்வுகளின்படி, பொறுத்திருக்கும் நாட்களில் சொன்னவரின் முகம் மறைந்து, சொல் நம் சொந்தக் கருத்தாகவே மாறிவிடக்கூடும். ஆகவே விருப்பம் எழுந்த அன்றே ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதி வைத்தல் வேண்டும்: சொன்னவர் யார்? அதனால் அவர் பெறுவது என்ன? அவர் காட்டிய காரணம் யாது? அப்பொருளில் அடங்கியவை எவை? வாங்கும் நாளில் அவ்வேட்டைப் படித்தால், மறந்த முகம் மீண்டும் கண்முன் நிற்கும். ஈஹையும் அவாயமும் தத்தம் இடத்தைப் பெறும்.

இல்லத்துப் பிள்ளைகளைக் கொண்டே அவ்வேட்டை எழுதச் செய்வது சிறப்பு. சொல்பவர் யார் எனக் கேட்கப் பழகிய பிள்ளை, கடைத்தெருவில் மட்டுமன்றி எவ்விடத்தும் அவ்வினாவை எழுப்பும். நற்காட்சிக்கு அதுவே வித்து.

நல்லறம் ஓங்குக!