ரத்தக் குழாய்க்குள் துரு! மருதம்பட்டை தடுக்குமா?

"வைத்தியரே, ரெண்டு மாசமா மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கேன். பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன். சரிதானே?"

சுசீந்திரம் பக்கத்திலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் கேட்டது இது. அளந்து பார்த்தால் 190/110! சட்டைப் பையில் பீடிக்கட்டு வேறு.

மருதம்பட்டை நல்ல மருந்துதான். எங்கள் பக்கம் நீர்மருது என்பார்கள், ஆற்றங்கரை மரம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும்.

நம் ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு விரிப்பு இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக் குழாயை வைத்துச் செய்த சோதனை 1980-ல் வெளியானது. விரிப்பு இருந்தபோது, அசிடைல்கோலின் பட்டதும் குழாய் தளர்ந்தது. விரிப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளரவில்லை! அந்த விரிப்பிலிருந்து கிளம்பும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் குழாயைத் தளர்த்துகிறது என்று பின்னால் தெரிந்தது. இதற்காக 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குளச்சல், முட்டம் வீடுகளில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அப்படித்தான் இங்கேயும். புகை, சர்க்கரை வியாதி, உயர் ரத்த அழுத்தம் இவற்றால் ஃப்ரீ ரேடிக்கல் என்னும் முரட்டு மூலக்கூறுகள் பெருகி, நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடுகின்றன. குழாய் விறைத்துப் போகிறது. செல்லுக்கு ஏற்படும் அழுத்தம் என்று சொல்வது இதைத்தான். மனக்கவலை என்று நினைத்துவிடாதீர்கள்.

மருதம்பட்டையை வாயில் போட்டால் துவர்க்கும். அந்தத் துவர்ப்பைத் தருகிற டானின்களும், கூடவே இருக்கிற ஃபிளேவனாய்டுகள், அர்ஜுனாலிக் அமிலம் போன்றவையும் இந்தத் துருவை எதிர்ப்பவை.

சோதனைக் குழாயில் சரி, மனிதனிடம்? இந்தூர் டாக்டர்கள் 18 ஆண்களிடம் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். மருதம்பட்டைச் சத்து 500 மில்லிகிராம் வீதம், எட்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். மருந்தில்லாத போலி மாத்திரையும் ஒரு தவணை தந்து ஒப்பிட்டார்கள். கையில் பட்டையை இறுக்கித் தளர்த்தியதும் ரத்தக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளந்தார்கள். மருதம் சாப்பிட்டபோது விரிவு நன்றாகக் கூடியது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் 18 பேர், இரண்டே வாரம். மாரடைப்பு குறையுமா என்று அதில் பார்க்கவில்லை. பிரஷர் மாத்திரைக்குப் பதிலாகவும் தரவில்லை. வீட்டுக் கஷாயத்தில் சத்து எவ்வளவு இறங்கும் என்பது பட்டையைப் பொறுத்தது, கொதிக்கவிடும் நேரத்தையும் பொறுத்தது.

குடிப்பவர்கள் ஒரு தேக்கரண்டிப் பட்டைத்தூளை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை டம்ளராகக் குறுக்கிக் குடிக்கலாம். அதற்கு முன் உங்கள் டாக்டர், வைத்தியர் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தாமாகத் தொடவே கூடாது.

நம்ம சுசீந்திரத்துக்காரரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரை மறுபடி ஆரம்பமாயிற்று. அடுத்த மாதம் 140/90. பீடி ஒரு கட்டிலிருந்து நாலாகக் குறைந்திருக்கிறதாம். கூட வந்த அவர் சம்சாரம் சொன்னார்.