விளையாட்டும் வீட்டு வருமானமும்

“திறமை இருந்தால் யாரும் விளையாட்டில் முன்னேறலாம்” என்று பிள்ளைகளிடம் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மைதான். மீதியை வீட்டு வருமானம் தீர்மானிக்கிறது.

பிரிட்டனில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் படிப்போர் சுமார் 7 சதவீதம். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அப்பள்ளிகளில் படித்தவர்கள். படகும் குதிரையும் பயிற்சியாளரும் இருக்கும் இடத்தில்தான் அந்தத் திறமைகள் வெளிப்படுகின்றன.

நம் ஹாக்கியும் ஒரு பாடம். 1928 முதல் 1972 வரை கலந்துகொண்ட ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் இந்தியா பதக்கம் வென்றது. 1976இல் மாண்ட்ரீலில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் போட்டி நடந்தது; நமக்கு 7ஆம் இடம். தரை மட்டுமே காரணமன்று. ஆயினும் மட்டையும் மண் திடலும் போதும் என்றிருந்த ஆட்டம், அதன்பின் செயற்கைத் தரை உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கே சாதகமாயிற்று.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரமுக்குத் திடல் வேண்டாம். ஒரு பலகையைத் தெருவே பகிர்ந்துகொள்ளலாம். செலவு குறைந்த ஆட்டத்தில் ஏழைப் பிள்ளைக்கும் கதவு திறக்கிறது.

ஏழைப் பிள்ளைகளைத் தடுப்பது காலணி விலை மட்டுமன்று. போட்டிக்குப் போகும் பேருந்துச் செலவு, பயிற்சிக்கேற்ற உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். பள்ளி விட்டதும் கடைக்கு வேலைக்குப் போகும் பையனும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் மாலைப் பயிற்சிக்கு எப்படி வருவார்கள்?

இதில் நம் தவறும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் மாவட்ட ஓட்டப் போட்டிக்குப் போக உதவி கேட்டு வந்தான். “அறக்கட்டளை படிப்புக்குத்தான் உதவும்” என்று திருப்பி அனுப்பினோம். அடுத்த ஆண்டு அவன் ஓடவே இல்லை, கடையில் நின்றான். படிப்புச் செலவு, விளையாட்டுச் செலவு என்று நாம் போட்ட கோடு அவன் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை.

எனவே, கல்வி உதவி விண்ணப்பத்தில் விளையாட்டுச் செலவுக்கும் ஓர் இடம் ஒதுக்க நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். உங்கள் தெருவில் நன்றாக ஆடிவந்த பிள்ளை திடீரென நிறுத்திவிட்டால், “ஏன் சோம்பல்?” என்று கேட்காதீர்கள். என்ன குறை என்று விசாரித்து எங்களுக்குத் தெரிவியுங்கள்.