மனக்கணக்குக்கும் தணிக்கை வேண்டும்

ஆண்டுதோறும் நம் சங்கங்களின் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்கிறோம். வரவை மறைத்தோ செலவைக் கூட்டியோ எழுதியிருந்தால், அது பொய்க்கணக்கு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால், நம் உள்ளத்தில் நாள்தோறும் எழுதப்படும் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்? நட்டத்தை மட்டும் பதிந்து, வரவை ஏட்டிலேயே ஏற்றாத கணக்கு ஒன்றை நம்மில் பலர் மனத்தில் வைத்திருக்கிறோம். அதற்கே அவநம்பிக்கை என்று பெயர். அதனைத் திருத்தும் வழியே இம்மாதப் பாடம்.

அவநம்பிக்கையின் வேர்

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போது மூன்று பேச்சுகளை அடிக்கடி கேட்கிறோம். "இனித் தறி சோறு போடாது" என்பது ஒன்று. "ஏரி நிரம்பினாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது" என்பது மற்றொன்று. "பொதுக்குழுவுக்குப் போய் என்ன ஆகப் போகிறது?" என்பது மூன்றாவது.

இவற்றில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். விசைத்தறியின் போட்டியும், பட்டு, சரிகை விலையேற்றமும், பருவமழை பொய்ப்பதும் கற்பனை அல்ல. ஆனால், நேர்ந்ததைச் சொல்வது வேறு. நேர்ந்ததே என்றும் நேரும் என்று முடிவு கட்டுவது வேறு. ஒரு நவரையில் பயிர் காய்ந்தது என்பது செய்தி. விவசாயமே வீண் என்பது தீர்ப்பு. செய்திக்கும் தீர்ப்புக்கும் உள்ள இடைவெளியிலேதான் அவநம்பிக்கை வேர் விடுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் என்பார் 1960-களில் இதனை ஆராய்ந்தார். மனச்சோர்வுற்றோர் உள்ளத்தில் இத்தகைய தீர்ப்புகள் தாமாகவே எழுவதையும், அவற்றை அவர்கள் ஆராயாமலே நம்பிவிடுவதையும் கண்டார். அவ்வெண்ணத்தை எடுத்து வைத்து, இதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று கேட்கப் பழக்குவதே அவர் வகுத்த சிகிச்சை முறையின் அடிப்படை. நம் மொழியில் சொன்னால், அதுவும் ஒரு தணிக்கைதான்.

நாம் கற்ற பாடம்

பிறருக்கு உபதேசிக்கும் முன் நம் தவறு ஒன்றையும் சொல்லிவிடுவது முறை. பணியேற்ற புதிதில் ஒரு சிறு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிட்டோம். தவணை தவறிய கடன்களின் பட்டியலைக் கண்டவுடனே, "இது தேறாத சங்கம்" என்று உள்ளத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம். அருகில் இருந்த முதிய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, கட்டாதவர் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள், கட்டியவர்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்" என்றார்.

எண்ணினோம். கட்டியவரே மிகுதியாக இருந்தனர். கட்டாதவரை விசாரித்தபோது, அவர்களில் பலருக்குத் தவணை ஐப்பசி, கார்த்திகையில் விழுந்திருந்தது தெரிந்தது. குழித்தறியில் நீர் ஊறி, தெருவில் பாவு போட வழியின்றித் தறி நிற்கும் மாதங்கள் அவை. தவணை மாதத்தை மாற்றச் சங்கம் தீர்மானித்தது. நிலுவை முழுவதும் தீர்ந்துவிடவில்லை, ஆயினும் குறைந்தது. நாம் எழுதியிருந்த தீர்ப்பின்படி நடந்திருந்தால், அந்தத் தீர்மானமே பிறந்திராது.

கல்லிலே உள்ள சான்று

நம் ஊரிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது. மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. இதனை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால், ஏன் இரண்டு கல்வெட்டுகள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் வகுத்த விதிகள் போதவில்லை. ஆகவே, இரண்டே ஆண்டுகளில் சபை மீண்டும் கூடி அவற்றைத் திருத்தியது. வயது வரம்பு மாறியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்கு உரியவரல்லர் என்று விதித்தனர். கணக்குக் காட்டாதவர் அன்றும் இருந்தனர் என்பதற்கு அவ்விதியே சாட்சி. "சபை என்றால் இப்படித்தான்" என்று அவர்கள் கை கட்டி உட்காரவில்லை. குறையைக் கண்டனர், விதியைத் திருத்தினர், கல்லிலும் பொறித்தனர்.

அச்சபை எல்லோருக்கும் இடமளித்த சபை அன்று; நிலமும் மனையும் கல்வியும் உடையோருக்கே அதில் தகுதி உண்டு. இன்றோ ஒரு பங்கு உடையவருக்கும் நூறு பங்கு உடையவருக்கும் சங்கத்தில் ஒரே வாக்கு. அவர்களைவிட விரிந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பது நமக்குத் தகுமா?

இங்கிலாந்தின் ராச்டேல் நகர நெசவாளரும் கூலி உயர்வுக்குப் போராடித் தோற்றவர்களே. அத்தோல்விக்குப் பின், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் வாரந்தோறும் சில பென்னிகளைச் சேர்த்து, 28 பவுன் மூலதனத்துடன் 1844 டிசம்பர் 21-இல் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி முதலிய சில பொருள்களே அதில் இருந்தன. கண்டவர் நகைத்தனர். இன்று உலகக் கூட்டுறவாளர் அனைவரும் அக்கடையை நினைவுகூர்கின்றனர். அவர்களுக்குக் கவலை இல்லாமல் இல்லை. கவலை தீரட்டும் என்று காத்திராமல் செயலைத் தொடங்கினர்.

செய்ய வேண்டுவன

முதலாவது, மனத்தை அழுத்தும் எண்ணத்தை ஒரு தாளில் எழுதுக. இடப்பக்கம் அதற்குச் சான்று, வலப்பக்கம் எதிர்ச்சான்று. நன்மையை மட்டும் எழுதுவதும் பொய்க்கணக்கே. இரு பக்கமும் உண்மை வேண்டும்.

இரண்டாவது, நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக்கொள்க. மழை நம் கையில் இல்லை. வாய்க்காலைத் தூர் வாருவது நம் கையில் உண்டு.

மூன்றாவது, சிறிய செயல் ஒன்றை இன்றே செய்க. ஊக்கம் வந்தபின் செயல் என்று காத்திருப்போருக்கு இரண்டும் வருவதில்லை; செயலின் பின்னே ஊக்கம் வருவதே பெரும்பாலும் வழக்கம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சிட்டு மேலே நெய்கிறார். பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை.

நான்காவது, தனியே இருந்து புழுங்காமல் சங்கத்துக்கு வருக. ஒருவர் மறந்த வரவை மற்றொருவர் நினைவூட்டுவார்.

ஓர் எச்சரிக்கை. வாரக் கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமற்று, வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எழுமாயின், அது சோம்பலோ கோழைத்தனமோ அன்று; மருத்துவம் வேண்டும் நோய். அத்தகையவரைக் கடிந்துகொள்ளாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். கடன் தொல்லையால் ஒடுங்கிப்போன அங்கத்தினரைத் தேடிச் சென்று பேசுவதும் சங்கப் பணியே.

சிந்திக்க

1. சென்ற ஆண்டு நம் சங்கத்தில் நேர்ந்த நன்மைகள் மூன்றினைச் சொல்ல முடியுமா?
2. "முடியாது" என்று நாம் கைவிட்ட செயல்களில், உண்மையில் முயன்று பார்த்தவை எத்தனை?
3. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட அங்கத்தினர் யார்? அவர் வீட்டுக்கு இவ்வாரம் செல்லப் போகிறவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு விடையைத் தாளில் எழுத வேண்டா. நடந்து சென்று எழுதுவோம்.