பேதுருவைக் காட்டிக்கொடுத்த பேச்சு (தவக்காலப் படிப்பு)

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். இடையில் வரும் 6 ஞாயிற்றுக்கிழமைகளை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றைக் கழித்தால் 40. கத்தோலிக்கர் இதைத் தவக்காலம் என்பர். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் லெந்து நாட்கள் என்பர். நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தவரும் இருப்பதால், இந்த நாட்களில் கிறிஸ்தவர் வீடுகளில் என்னதான் படிக்கிறீர்கள் என்று மற்ற அன்பர்கள் கேட்பதுண்டு. இயேசு பிடிபட்ட இரவு முதல் அவரைக் கல்லறையில் வைத்தது வரையுள்ள பகுதியைத்தான் பெரும்பாலும் படிக்கிறோம். அதிலிருந்து ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிலுவைக்கு முந்தின இரவில், ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் வேலைக்காரர்களோடு நின்றிருந்த ஒரு மீனவரின் கதை அது.

அவர் பெயர் சீமோன். வடக்கே கலிலேயா ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர். பாறை என்று பொருள்படும் பேதுரு என்ற பெயரை அவருக்கு இட்டவர் இயேசு. அன்று மாலை விருந்தின்போது, மற்றவர்கள் எல்லாரும் விட்டுப் போனாலும் தான் போகப்போவதில்லை என்று பேதுரு அடித்துச் சொன்னார். கோழி கூவுவதற்குள் மூன்று முறை நீ என்னைத் தெரியாது என்பாய் என்ற கருத்தில் இயேசு பதில் சொன்னார். இரவில் தோட்டத்தில் ஆட்கள் வந்து இயேசுவைப் பிடித்ததும் சீடர்கள் ஓடிவிட்டார்கள். பேதுரு மட்டும் எட்டி நின்று பின்தொடர்ந்து பிரதான ஆசாரியர் வீட்டு முற்றம் வரை வந்துவிட்டார். உள்ளே விசாரணை நடக்க, வெளியே மூன்று பேர் அவரைக் கேட்டார்கள். மூன்று முறையும் அவர் இல்லை என்றார். கோழி கூவிற்று.

இந்தச் சம்பவம் நான்கு நற்செய்தி நூல்களிலும் (சுவிசேஷங்களிலும்) இருக்கிறது. இது சாதாரண விஷயமல்ல. இயேசு பிறந்த கதைகூட இரண்டில்தான் உண்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதலில் கேட்டது ஒரு வேலைக்காரப் பெண் என்பதில் நால்வரும் ஒத்துப்போகிறார்கள். இரண்டாவதாகக் கேட்டது யார்? அதே பெண் என்கிறார் மாற்கு. வேறொரு பெண் என்கிறார் மத்தேயு. ஓர் ஆண் என்கிறார் லூக்கா. சுற்றி நின்றவர்கள் என்கிறார் யோவான். கோழி இரண்டு முறை கூவியதாக மாற்கு எழுதுகிறார், மற்ற மூவருக்கும் ஒரு கூவல் போதும்.

சிலர் இதைப் பார்த்ததும், பார்த்தீர்களா, முரண்பாடு என்பார்கள். நான் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். ரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் டிரைவர், கார்டு, கேட்மேன், கீமேன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாக்குமூலம் வாங்குவார்கள். நான்கும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் விசாரணை அதிகாரிக்குச் சந்தேகம் வரும். நாலு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள். முக்கியமான எலும்புகள் ஒத்திருந்து சில்லறை விவரம் மாறினால்தான் அவர் பேனாவை எடுப்பார். ஆனால் இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்கக்கூடாது. மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆகவே நான்கு தனிச் சாட்சி என்று கணக்குப் போட முடியாது. யோவான் வருவது வேறு வழி. அந்த இரண்டு வழிகளும் இந்த முற்றத்தில் வந்து சேருகின்றன.

மாற்கு இதைச் சொல்லும் விதம் கவனிக்கத் தக்கது. பேதுரு முற்றத்துக்கு வந்தார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவரை அங்கேயே நிறுத்திவிடுகிறார். பிறகு உள்ளே போய் விசாரணை முழுவதையும் சொல்கிறார். நீ யார் என்று அங்கே கேட்கிறார்கள். உயிர் போகும் என்று தெரிந்தும் இயேசு தாம் யார் என்பதை ஒப்புக்கொள்கிறார். அவர் கண்ணைக் கட்டி, தீர்க்கதரிசி என்றால் சொல்லு பார்க்கலாம் என்கிற மாதிரி கேலி செய்கிறார்கள். அதன் பிறகுதான் மாற்கு வெளியே வருகிறார். அங்கே பேதுருவைப் பற்றிய அவருடைய தீர்க்கதரிசனம் அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டிருக்கிறது. யோவான் இன்னும் சுருக்கமாக இதைச் செய்கிறார். தோட்டத்தில் தேடி வந்தவர்களிடம் அது நானே என்று பொருள்படும்படி இயேசு சொல்கிறார். வாசலில் பேதுரு சொல்வது நான் அல்ல என்பது. கிரேக்க மூலத்தில் ஒன்று மற்றொன்றின் நேர் எதிர்மறை.

இனி நம் போன்றவர்கள் சற்று நின்று படிக்கவேண்டிய இடம். மூன்றாவதாகக் கேட்டவர்கள் பேதுருவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முகத்தை வைத்து அல்ல. மத்தேயு சொல்கிறார்: பேச்சை வைத்து. வாயைத் திறந்ததும் கலிலேயாக்காரர் என்று தெரிந்துவிட்டது.

கலிலேயா வடக்கே, எருசலேம் தெற்கே. இடையில் சுமார் 120 கிலோமீட்டர். இரண்டு இடத்திலும் அரமேயம்தான் பேசினார்கள், ஆனால் கலிலேயாக்காரர்கள் தொண்டையிலிருந்து வரும் எழுத்துகளைப் பிரித்து உச்சரிக்கமாட்டார்கள். இதைப் பற்றி யூதர்களின் பாபிலோனியத் தல்மூதில் ஒரு கேலிக் கதை இருக்கிறது. ஒரு கலிலேயர் கடைத்தெருவில் 'அமர்' வேண்டும் என்று கேட்டாராம். ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா, எது ஐயா வேண்டும் என்று சிரித்தார்களாம். நான்கும் வேறு வேறு சொற்கள். அவர் வாயில் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

இந்தி பேசும் ஊர்களில் குடியிருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களுக்கு நாலு 'க', நமக்கு ஒன்று. 'கானா' என்று தமிழில் எழுதினால் சாப்பாடா பாட்டா என்று எழுதியவரைத்தான் கேட்கவேண்டும். ரயில் வண்டி அவர்களுக்குப் பெண்பால், நம்மவர்கள் முப்பது வருஷம் பிளாட்பாரத்தில் நின்றும் அதை ஆணாகவே வரவழைப்பார்கள். சாதாரண நாளில் இது சிரிப்பு. ஊரில் ஏதாவது கலவரம், வெளியூர்க்காரன் வேலையைப் பிடுங்கிக்கொண்டான் என்கிற பேச்சு எழும் நாளில், பஸ்ஸில் வாயைத் திறக்காமல் சில்லறையை நீட்டி டிக்கெட் வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மௌனம் என்னவென்று தெரிந்தவர்களுக்கு, வேலைக்காரர்கள் நடுவில் நின்ற பேதுருவின் நிலைமை சட்டென்று புரியும். மறுத்துப் பேசப் பேச அவருடைய உச்சரிப்பே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆகிறது. கடைசியில் சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினார் என்று எழுதியிருக்கிறது. அதையும் கலிலேயப் பேச்சில்தானே பண்ணியிருப்பார்!

அவரைக் கோழை என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மற்றவர்கள் ஓடியபோது அந்த வாசலுக்குள் வந்தவர் அவர். அன்று தோட்டத்தில் வாளை உருவி ஒருவன் காதை வெட்டியதும் அவரே. வெட்டுப்பட்டவன் பெயர் மல்குஸ் என்றும், மூன்றாவதாகக் கேட்டது அவனுடைய உறவினன் என்றும் யோவான் சொல்கிறார். அதாவது பேதுருவைக் கேட்டவன் பழிவாங்கக் காரணம் உள்ளவன். ஆயுதம் ஏந்தியவர்களுக்குப் பயப்படாதவர் ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு ஏன் சரிந்தார்? தயாராக இருந்த ஆபத்து வேறு, வந்த ஆபத்து வேறு. சண்டைக்கு மனதைக் கட்டிக்கொண்டவரிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்த ஆளைத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

ரயில்வே காலனியில் குடியிருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒருவர் சஸ்பெண்ட் ஆனால் முதல் வாரம் அவர் வீட்டுப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். கூடவே கேரம் ஆடியவர், பெண் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர், ஆபீஸில் கேட்டால், முகப்பழக்கம்தான் சார் என்பார். பொய் சொல்வதாக அவருக்கே தோன்றாது. வேலை, குழந்தைகளின் படிப்பு, குவார்ட்டர்ஸ், எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது. அங்கே விசாரிக்கப்படுகிறவர் நிரபராதியா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அவருக்குத் தான் யார் என்று சொல்லவேண்டிய இடத்தில் இவர் வாய் மூடிக்கொண்டார் என்பதுதான் முதல் விஷயம்.

சரி, தங்கள் தலைவரின் இந்த அவமானத்தை ஆதித் திருச்சபை ஏன் மறைக்கவில்லை? மாற்கு நூல் எழுதப்பட்டது சுமார் கி.பி. 65-க்கும் 70-க்கும் இடையில் என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். நீரோ மன்னன் காலத்தில் ரோமில் பேதுரு கொல்லப்பட்டதாகப் பாரம்பரியம். அதாவது ஏறக்குறைய அவர் தியாகி ஆன காலத்திலேயே இந்தக் கதை எழுத்தில் ஏறுகிறது. மாற்கு என்பவர் பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார், அவர் சொல்லக் கேட்டதை எழுதினார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாப்பியாஸ் என்ற ஆயர் குறித்திருக்கிறார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. நாலாம் நூற்றாண்டில் யூசேபியஸ் எடுத்துக்காட்டியதால் இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது. பாப்பியாஸ் சொன்னது சரியானால், முற்றத்தில் நடந்ததை ஊருக்குச் சொன்னவர் பேதுருவேதான். கூட இருந்த சீடர் வேறு யார் அதை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தார்கள்? யோவான் சொல்லும் இன்னொரு சீடரைத் தவிர ஆளில்லை.

இந்தக் கதை பின்னால் தேவைப்பட்டது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டீசியஸ், குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று உத்தரவிட்டான். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் 40-க்கும் மேல் எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இன்னும் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். துன்பம் ஓய்ந்ததும் விழுந்தவர்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். சேர்ப்பதா, வேண்டாமா? சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நொவாத்தியன். தவம் செய்தபின் சேர்க்கலாம் என்ற பக்கம் நின்றார் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான். கணவனோ மகனோ சிறையில் செத்திருக்க, பக்கத்து வீட்டுக்காரர் சான்றிதழோடு சௌகரியமாக இருந்துவிட்டு இப்போது அதே பந்தியில் உட்கார வருகிறார் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? நொவாத்தியனின் கட்சி வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கதவை அடைக்க நினைத்தவர்களுக்கு இந்த முற்றம் ஒரு பெரிய இடைஞ்சல். கதவை அடைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது பேதுரு.

தவக்காலத்துக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. பெரும் பாவம் செய்து விலக்கப்பட்டவர்கள் இக்காலத் தொடக்கத்தில் சாம்பல் பூசி வெளிப்படையாகத் தவம் இருக்க, பெரிய வியாழனன்று அவர்களை மீண்டும் சபையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் மேலை நாடுகளில் இருந்தது. அன்று சாம்பல் அவர்களுக்கு மட்டும்தான். 1091-ல் பெனவென்டோவில் கூடிய சங்கம் எல்லாரும் பூசிக்கொள்ளவேண்டும் என்று ஆக்கியது. யார் விலக்கப்பட்டவர், யார் உள்ளே இருப்பவர் என்று நெற்றியைப் பார்த்துச் சொல்லமுடியாதபடி ஆயிற்று.

பேதுருவை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது யோவான் நூலின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் மீனும் அப்பமும் தயார் செய்து வைத்திருக்கிறார், கரி நெருப்பில். கரி நெருப்பு என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது: முற்றத்தில் ஒன்று, இந்தக் கரையில் ஒன்று. (எருசலேம் கடல் மட்டத்துக்குச் சுமார் 750 மீட்டர் மேலே இருக்கிறது; பஸ்கா காலத்து இரவில் அங்கே கரி மூட்டியதில் ஆச்சரியமில்லை.) சாப்பிட்டானபின் இயேசு கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மூன்று முறை. மூன்றாம் முறை பேதுரு வருத்தப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. ஏன் மூன்று என்று அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் முற்றத்தைப் பற்றி இயேசு ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கம் கேட்கவில்லை, இனிமேல் இப்படிச் செய்யாதே என்று எச்சரிக்கவும் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுக்கிறார், ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று. சஸ்பென்ஷனில் இருந்தவருக்குப் பழைய இடத்தைவிடப் பெரிய இடத்தில் போஸ்டிங்!

வீட்டில் படிக்க விரும்புவோர்க்கு: மாற்கு 14, மத்தேயு 26, லூக்கா 22, யோவான் 18 என்ற வரிசையில் நான்கு மாலை வைத்துக்கொள்ளுங்கள்; ஐந்தாம் மாலை யோவான் 21. தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கூடவே பார்த்து வரட்டும். அவர்களுக்கு மூன்று கேள்வி கொடுங்கள். இயேசு திரும்பிப் பேதுருவைப் பார்த்ததாக எழுதியவர் யார்? பேதுரு அழுததை எழுதாமல் விட்டவர் யார்? முற்றத்தில் நெருப்பு இருந்ததாகவே சொல்லாதவர் யார்? விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. சங்கக் கூட்டத்தில் பிள்ளைகள் வந்து சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.