கேஸ் அடிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்! கார் ஏ.சி. கோளாறுகளை நீங்களே கண்டறியலாம்

கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது என்று சர்வீஸுக்குக் கொண்டு போனால், சிலர் பார்த்த மாத்திரத்தில் "பார்மட் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். கார் ஏ.சி. குளிரவில்லை என்று போனால் "கேஸ் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். இரண்டுமே கோளாறு எங்கே என்று தேடாமல் சொல்லும் பதில்கள். கம்ப்யூட்டரில் முதலில் பவர் வருகிறதா, கேபிள் சரியா, ஃபேன் ஓடுகிறதா என்று வரிசையாகப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறையைக் கார் ஏ.சி.க்கும் பயன்படுத்தலாம்.

எப்படி வேலை செய்கிறது?

ப்ராசசர் மேல் உள்ள ஹீட் சிங்க்கும் ஃபேனும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகின்றன. கார் ஏ.சி.யும் காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. இந்தச் சூட்டைச் சுமந்து செல்வதுதான் நாம் கேஸ் என்று சொல்லும் ரெஃப்ரிஜிரன்ட். பல கார்களில் இருப்பது ஆர் 134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் இது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. என்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை விட்டுவிட்டு, திரவமாகி மீண்டும் சுற்றுக்கு வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோல் எரிந்து தீர்கிறது. கேஸ் தீர்வதில்லை, அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு கசியலாம். ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால், எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள். லீக்கை அடைக்காமல் கேஸ் அடிப்பது, வைரஸை நீக்காமல் ரீஸ்டார்ட் செய்வது போல.

வரிசையாகச் சோதியுங்கள்

1. காற்று வருகிறதா? ப்ளோயரை எல்லா வேகத்திலும் வைத்துப் பாருங்கள். காற்றே வராவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். காற்று மிகக் குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தூசி அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சில பழைய மாடல்களில் இந்த ஃபில்டரே கிடையாது.

2. கம்ப்ரசர் ஓடுகிறதா? ஏ.சி. பட்டனைப் போட்டதும் "க்ளிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். சில புதிய கார்களில் இந்தச் சத்தம் வராது. கம்ப்ரசர் ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். கேஸ் மிகக் குறைந்திருந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அதைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. யாராவது ஒயரை நேராக இணைத்து ஓட வைக்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

3. ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று செங்கம் ரோட்டிலோ போளூர் ரோட்டிலோ வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது இதைக் கண்டுகொள்ளலாம். வேகமாகப் போனால் எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எனவே ஃபேன் ஓடவில்லை, அல்லது கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறது. என்ஜின் ஆறிய பின், மெதுவான தண்ணீரில் கழுவலாம். பானெட்டைத் திறந்து பார்க்கும்போது துப்பட்டா, கை போன்றவற்றைப் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் தள்ளி வையுங்கள். சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

4. தண்ணீரும் வாடையும்: காருக்கு அடியில் சுத்தமான தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள ஈரம்தான் அது. அந்தத் தண்ணீர் உள்ளே கால்மிதியில் தேங்கினால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. ஈரத்துணி வாடை வந்தால், வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஏ.சி.யை அணைத்து, ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள்.

5. காரின் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது? இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. போர்ட் இருக்கும். அதில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகி மொபைலில் எரர் கோடுகளைப் படிக்கலாம். உதாரணமாக, பி0532 என்று வந்தால் கேஸ் பிரஷர் சென்சாரின் சிக்னல் குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் குறைந்திருக்கலாம், சென்சாரோ ஒயரோ பழுதாகியும் இருக்கலாம். என்ஜின் சூட்டையும் பாருங்கள். என்ஜின் அளவுக்கு மேல் சூடானால் காரின் கம்ப்யூட்டரே ஏ.சி.யை நிறுத்திவிடும்.

மெக்கானிக்கிடம் கேட்க மூன்று கேள்விகள்

கேஸை வீட்டில் தொட வேண்டாம். கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைந்து புண்ணாகிவிடும். மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: லீக் எந்த இடத்தில்? அடைத்த பிறகு வேக்குவம் எடுத்தீர்களா? எத்தனை கிராம் அடித்தீர்கள்? கேஸின் வகையும் அளவும் பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழ் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதிகமாக அடித்தாலும் குளிராது.

இது பணம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. பழைய கார்களில் இருந்த ஆர் 12 ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆர் 134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

ஓர் எச்சரிக்கை

வீட்டார் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வரும்வரை, இரவில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்கும் ஓட்டுநர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலோ, புகை வெளியேற வழியில்லாத இடத்தில் கார் நின்றாலோ, கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூங்குபவர் எழாமலே போகலாம். என்ஜினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை.