எந்த மீட்டரை எடுப்பது?

மேகமலைத் தண்ணீர் சுருளியாறு பவர்ஹவுஸுக்கு இறங்குற பெரிய குழாயோட வெல்டிங்கைச் சோதிக்க, இரிடியம்-192 பெட்டி ஒண்ணு வண்டியில வருதுன்னு வச்சுக்குவோம். அதை எதை வச்சு அளக்கணும்?

சாதாரணப் போக்குவரத்தில் பெட்டியின் மேற்பரப்பில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் வரை அனுமதி உண்டு. 1 மீட்டர் தள்ளி 0.1-ஐத் தாண்டக்கூடாது. அதனால சில மைக்ரோசீவர்ட்ல இருந்து 2 மில்லிசீவர்ட்டுக்கு மேலேயும் காட்டுற மீட்டர்தான் வேணும்.

பான்கேக் கெய்கர் இதுக்கு ஆகாது. அது கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கான்னு தேடத்தான். கதிர்வீச்சு ரொம்பக் கூடினா சில கெய்கர்கள் திணறி, முள் கீழே இறங்கிடும். ஆபத்தான இடத்துலயே 'பயமில்லை'ன்னு காட்டும்! அங்கே அயன் சேம்பர்தான் நம்பகமானது.

2010-ல் டெல்லி மாயாபுரியில், கதிரியக்கம்னு தெரியாமலே பழைய இரும்போடு வந்த கோபால்ட்-60 ஒருவரின் உயிரைப் பறித்தது. கிளம்பும் முன் பேட்டரியையும் காலிப்ரேஷன் தேதியையும் பாருங்க.