பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்: பயனுள்ள குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினியைப் பழைய சாமான் கடையில் போடுவதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. எந்த லினக்ஸ் நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் சொல்வார்கள். வீட்டு உபயோகத்துக்கு மின்ட் போதும். 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 64 பிட் செயலி கட்டாயம்.

2. மின்ட் தளத்தில் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. எட்சர் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அப்போது அதில் உள்ள கல்யாண ஆல்பம் உட்பட எல்லாமே அழிந்துவிடும்.

3. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பல கணினிகளில் ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 தட்டினால் அதற்கான பட்டியல் வரும். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்றும் பாருங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகத்தை மட்டும் இப்போது எடைபோட வேண்டாம், பென் டிரைவ் மெதுவாகத்தான் ஓடும்.

4. வைஃபை தெரியவில்லையா? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். நெட் வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், தேவையான டிரைவர் இருந்தால் அதுவே காட்டும்.

5. நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். முதலில் பேக்கப்.

6. விண்டோஸ், மின்ட் இரண்டையும் வைத்துக்கொண்டால், விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகலாம். கணினி பழுதில்லை. லினக்ஸ் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது.

7. டெர்மினலில் பாஸ்வேர்டு அடிக்கும்போது அடிக்கும் எழுத்துகள் திரையில் தெரியாது. அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

8. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என் நிறுவினால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்று முறைகளும் கிடைக்கும்.

9. மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவியை முதல் நாளே இயக்குங்கள். அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் புகைப்படங்களை அது காக்காது. அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

10. பழகியபின் பதிலுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நல்ல பிழை அறிக்கை பெரிய உதவி. 'பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மின்ட் பதிப்பு, பிரிண்டர் மாடல், வரிசையாக என்னென்ன அழுத்தினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என எழுதுங்கள். கணினி விவரங்களை 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' (பழைய பதிப்புகளில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்') கருவியிலிருந்து காப்பி செய்யலாம். அதே பிழையை ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். எளிய ஆங்கிலம் போதும்.

11. மொழிபெயர்த்தும் உதவலாம். மின்ட் மொழிபெயர்ப்பு லாஞ்ச்பேட் தளத்தில் நடக்கிறது. வாக்கியத்தின் நடுவே சதவீதக் குறியோடு ஓர் எழுத்து வந்தால் அதைத் தொடாதீர்கள். கோப்பின் பெயரோ எண்ணோ அந்த இடத்தில்தான் வந்து உட்காரும்.

12. பீட்டா பதிப்பைச் சோதித்துச் சொல்வதும் பங்களிப்புதான். ஆனால் வீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் இருக்கும் கணினியில் அதைப் போடாதீர்கள்.